எமுலேட்டரில் ஆர்கேட் கார்ப்பந்தயம்: ஸ்டியரிங் வீல் தெரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் பெட்டிகளில் ஓடிய கார்ப்பந்தய விளையாட்டுகளை அப்பெட்டிகளைப் போலவே கணினியை இயங்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருள் வழியாக வீட்டுக் கணினியில் ஓட்டவும், அதற்கென ஒரு ஸ்டியரிங் வீல் வாங்கவும் எண்ணியிருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. உண்மையான கார் ஓட்டத்தை அப்படியே காட்ட முயலும் சிமுலேட்டர் விளையாட்டுகளின் தேவைகள் வேறு. அவை இங்கு பேசப்படவில்லை.

எந்த வீல் நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியாதா?

முடியாது, எந்த விளையாட்டை ஓட்டப் போகிறீர்கள் என்பது தெரியாமல் சொல்லப்படும் விடை உங்கள் காசை வீணாக்கவே உதவும். எனவே முதலில் ஒரு தாளில் நீங்கள் உண்மையாகவே விளையாடப் போகும் ஐந்தாறு விளையாட்டுகளின் பெயர்களை எழுதிக் கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் செகாவின் 1990களின் விளையாட்டுகள், அதாவது டேடோனா யூஎஸ்ஏ, செகா ராலி, ஸ்கட் ரேஸ் போன்றவை பெரும்பான்மையாக இருந்தால், லொஜிடெக் ஜி27 அல்லது ஜி29 போன்ற, மோட்டார் விசையுள்ள ஒரு பாவித்த வீல் என் முதல் தெரிவு. 1986இல் வந்த அவுட் ரன் போன்றவற்றை மாலையில் அரைமணி நேரம் ஓட்டினால் போதும் என்பவருக்கு 270 பாகை சுழலும், ஸ்பிரிங் வைத்த மலிவான வீலே தாராளம். பட்டியலில் அட்டாரியின் சூப்பர் ஸ்பிரிண்டும் நாம்கோவின் போல் பொசிஷனும் மட்டுமே இருந்தால் வீல் வாங்கவே வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

கடைக்காரர் 900 பாகை, 1080 பாகை என்கிறார். கூடுதலாகச் சுழல்வது கூடுதல் நல்லதல்லவா?

ஆர்கேட் விளையாட்டைப் பொறுத்தவரை இல்லை. டேடோனா யூஎஸ்ஏ பெட்டியின் வீல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறத்தாழ 270 பாகையே சுழலும். அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 135 பாகை. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மாற்றிப் பிடிக்காமலே மிகக் கூர்மையான வளைவையும் எடுத்துவிட வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் நோக்கம். லொஜிடெக் ஜி29 இயல்பாக 900 பாகை சுழல்வது. ஒவ்வொரு பக்கமும் 450 பாகை. அதை அப்படியே விட்டுவிட்டு அதே 135 பாகைக்குத் திருப்பினால் விளையாட்டுக்குச் சென்று சேர்வது முழுத் திருப்பத்தில் 30 வீதம் மட்டுமே. வளைவு வந்ததும் கல்முனை–கொழும்பு இரவு பஸ்ஸின் ஸ்டியரிங்கைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். கார் அதற்குள் சுவரில் மோதியிருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், 900 அல்லது 1080 பாகை வீல்களில் பெரும்பாலானவற்றை அவற்றின் சொந்த மென்பொருளிலேயே 270 பாகைக்குக் குறைத்து வைக்கலாம். மோட்டார் உள்ள வீலாக இருந்தால், குறைத்த எல்லைக்கு வந்ததும் மோட்டாரே தடுத்து நிறுத்துவதால் கைக்கு ஒரு முடிவு தெரியும். எமுலேட்டரில் உணர்திறனை மட்டும் கூட்டியும் இதே விளைவைப் பெறலாம், ஆனால் அப்போது எல்லையைத் தாண்டியும் வீல் சுழன்றுகொண்டே இருக்கும். திரும்பி நடுவுக்கு வர நேரம் பிடிக்கும். நான் முதல் வழியையே சொல்வேன்.

பிறப்பிலேயே குறுகிய சுழற்சி உள்ளவையும் உண்டு. த்ரஸ்ட்மாஸ்டர் டி80உம் பழைய லொஜிடெக் மோமோ ரேசிங்கும் 240 பாகை. ஹோரி ஏபெக்ஸில் 270, 180 என இரு நிலைகள். பிஎக்ஸ்என் வி9இல் 270க்கும் 900க்கும் இடையே மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். சிமுலேட்டர் ரசிகர்கள் இவற்றை ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆர்கேட் ரசிகருக்கு அந்த ஏளனம் பொருட்டல்ல.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் அவசியமா?

இதற்கு விளையாட்டுக்கு விளையாட்டு விடை மாறும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது வீலுக்குள் இருக்கும் மோட்டார், சாலைக்கும் மோதலுக்கும் ஏற்ப உங்கள் கையை எதிர்த்தும் இழுத்தும் விடுவது. அட்டாரி கேம்ஸின் ஹார்ட் டிரைவின் 1989இலேயே இதைக் கொண்டிருந்தது. டேடோனா யூஎஸ்ஏ பெட்டியிலும் இது இருந்தது, அந்த விளையாட்டில் கார் சறுக்கும் தருணத்தைக் கண் காண்பதற்கு முன்பே கை உணர்ந்துவிடும். ஆனால் அவுட் ரன்னின் நின்று விளையாடும் பெட்டியில் இருந்தது வெறும் அதிர்வு மோட்டார். அதற்காக விலையுயர்ந்த வீலை வாங்குவதில் பொருளில்லை.

அடுத்து, வீலில் மோட்டார் இருப்பது மட்டும் போதாது. எமுலேட்டரும் அதற்குக் கட்டளை அனுப்ப வேண்டும். செகாவின் மொடல் 3 என்ற ஆர்கேட் மின்சுற்றுப் பலகைக்கான சூப்பர்மொடல் எமுலேட்டர் கூடுதல் மென்பொருள் இல்லாமலே இதைச் செய்யும். அதன் உள்ளீட்டு முறையை டைரக்ட் இன்புட் என்று வைத்து, ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை அமைப்புக் கோப்பில் இயக்கிவிட வேண்டும். அதற்கு முந்தைய மொடல் 2 பலகைக்கான எமுலேட்டரின் அமைப்புக் கோப்பிலும் அதற்கென ஒரு வரி உண்டு. பல நிறுவனங்களின் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை ஓட்டும் மேம் எமுலேட்டர் வீலின் மோட்டாரை நேரடியாக இயக்குவதில்லை. அதற்கு எஃப்எஃப்பி ஆர்கேட் பிளகின் என்ற தனியான இலவச மென்பொருளைச் சேர்க்க வேண்டும்.

இங்கு பலர் ஏமாறும் ஓர் இடம் உள்ளது. விளையாட்டு விசைக் கட்டளை எதுவும் அனுப்பாதபோது மோட்டார் வீல் தளர்ந்து, கையை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். வீல் பழுதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். லொஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில், விசைக் கட்டளை இல்லாத விளையாட்டுகளுக்கு நடுநிலை ஸ்பிரிங்கை இயக்கும் தெரிவு ஒன்று உள்ளது. அதை இயக்கினால் வீல் தானாக நடுவுக்குத் திரும்பும். ஜி25, ஜி27 ஆகியவற்றை ஜி ஹப் ஏற்காது. அவற்றுக்கு அந்நிறுவனத்தின் பழைய கேமிங் சொஃப்ட்வெயரை நிறுவ வேண்டும், அதிலும் இதே தெரிவு உண்டு.

மோசா ஆர்5 போன்ற, மோட்டார்த் தண்டிலேயே நேராகப் பொருத்தப்பட்ட நேரடி இயக்க வீல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அருமையான கருவிகள்தான். ஆனால் கிரேஸி டாக்ஸி ஓட்டுவதற்கு அவ்வளவு செலவழிப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

போல் பொசிஷன், சூப்பர் ஸ்பிரிண்ட் ஆகியவற்றுக்கு ஏன் இந்த வீல்கள் சரிவராது?

1982இல் வந்த போல் பொசிஷனிலும் 1986இல் வந்த சூப்பர் ஸ்பிரிண்டிலும் இருந்த வீல்களுக்கு எல்லையும் இல்லை, நடுவும் இல்லை. ஒரே பக்கமாக எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுழலும். அந்த விளையாட்டுகள் வீல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை. எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டுமே எண்ணுகின்றன. இன்றைய வீல்கள் கோணத்தைச் சொல்பவை. இரண்டையும் பொருத்த முயன்றால் கார் எதிர்பாராத பக்கம் ஓடுவதையே காண்பீர்கள்.

இவற்றுக்குப் பொருத்தமானது ஸ்பின்னர் என்ற குமிழ்; அது கணினிக்குத் தன்னை ஒரு மௌஸாகவே அறிமுகப்படுத்திக் கொள்ளும். ஸ்பின்னர் இங்கு கிடைப்பது அரிது என்பதால், மேசையில் ஏற்கெனவே இருக்கும் மௌஸை மேம் எமுலேட்டரில் இயக்கி இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள். செலவில்லை, அசல் வீலைப் பிடிக்கும் இன்பம் வராது, ஆனால் காரின் திருப்பம் துல்லியமாக இருக்கும்.

எச் வடிவக் கியர் லீவர் தேவையா, வீலின் பின்னாலுள்ள, விரலால் கியர் மாற்றும் தட்டுகள் போதுமா?

அவுட் ரன்னில் இருப்பது தாழ், உயர் என இரண்டே கியர்கள். ஒரு பொத்தான் போதும். மேம் எமுலேட்டரில் அதை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கியர் மாறும், ஆகவே எச் லீவரைப் பொருத்தினால் லீவரின் நிலையும் விளையாட்டின் கியரும் முரண்படத் தொடங்கும். கிரேஸி டாக்ஸியில் முன்னே, பின்னே என்ற இரண்டு நிலைகள் மட்டுமே. அதை இரண்டு தட்டுகளில் வைத்துவிடலாம்.

டேடோனா யூஎஸ்ஏ வேறு கதை. அதில் நான்கு கியர் எச் லீவர் இருந்தது. வளைவுக்கு முன் நான்கிலிருந்து நேரே இரண்டுக்கு இறக்கி, காரைச் சறுக்கவிட்டு, மீண்டும் ஏற்றுவதே அந்த விளையாட்டின் உயிர். தட்டில் இரண்டு முறை தட்டி நான்கிலிருந்து மூன்று வழியாக இரண்டுக்கு வருவதற்கும், லீவரை ஒரே இழுப்பில் இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதல் சுற்றிலேயே உணர்வீர்கள். எச் லீவர் வேண்டுமானால் ஜி25, ஜி27 ஆகியவற்றுடன் அது சேர்ந்தே வந்தது என்பதையும், ஜி29, ஜி920 ஆகியவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மொடல் 2 எமுலேட்டரில், லீவரை நடுவில் விட்டால் நியூட்ரலுக்குச் செல்லும்படி அமைக்கும் வரி ஒன்று உண்டு. எச் லீவர் உள்ளவர்கள் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டு வாகனம் ஓட்டிப் பழகியவருக்கு லீவர் இடக்கைப் பக்கம் இருப்பதே இயல்பு. தனியாகப் பொருத்தும் லீவர்களில் அதற்குத் தடையில்லை.

டேடோனாவில் பார்வைக் கோணத்தை மாற்ற நான்கு நிறப் பொத்தான்களும் இருந்தன. வீலின் முகப்பில் நான்கு பொத்தான்கள் இருந்தால் அவற்றை அதற்கு ஒதுக்குங்கள்.

மூன்று பெடல் வேண்டுமா?

ஆர்கேட் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு பெடல்களோடு நின்றுவிடுகின்றன. கிளட்ச் கேட்பவை ஹார்ட் டிரைவின், சான் பிரான்சிஸ்கோ ரஷ் போன்ற சில. அவற்றையும் கிளட்ச் இல்லாமல் விளையாட வழி உண்டு. பெடல்களின் எண்ணிக்கையை விட அவை படிப்படியாக அழுந்துகின்றனவா என்பதே முக்கியம். மிக மலிவான சில வீல்களின் பெடலுக்குள் இருப்பது வெறும் சுவிட்ச். அரைவாசி அழுத்தினாலும் முழுவதும் அழுத்தினாலும் ஒன்றுதான். விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சாளரத்தைத் திறந்து பெடலை மெதுவாக அழுத்தும்போது பட்டை மெதுவாக உயர்கிறதா, ஒரே தாவலில் பாய்கிறதா என்று பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். கடையில் ஒரு மடிக்கணினியை வைத்து இதைச் செய்துகாட்டச் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஜி29 வீலின் பிரேக் பெடலுக்குள் ஒரு இறப்பர்க் கட்டி இருப்பதால் அது கல்லாக இறுகியிருக்கிறது என்று முறையிடுபவர்கள் உண்டு. பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடும் ஆர்கேட் ஓட்டத்துக்கு, எமுலேட்டரில் பிரேக்கின் உணர்திறனைச் சற்றே கூட்டுவது போதும்.

‘அதிர்வு உண்டு’ என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. அதுவும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கும் ஒன்றா?

அல்ல. அதிர்வு என்பது கேம்பேடில் இருக்கும் அதே சிறு மோட்டார் நடுங்குவது. அது வீலைத் திருப்பாது. தனியாக மின் அடாப்டர் இல்லாமல், யூஎஸ்பி வயரில் மட்டும் இயங்கும் வீலில் உண்மையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருப்பதாக யாராவது சொன்னால் நம்புவதற்கு முன் நன்றாக விசாரியுங்கள்.

பாவித்த வீலை வாங்கும்போது எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா போன்ற இடங்களிலும் இணைய விளம்பரங்களிலும் பாவித்த வீல்கள் விற்பனைக்கு வருவதுண்டு. படத்தை மட்டும் பார்த்துக் காசை அனுப்பிவிட்டு, பஸ்ஸில் பொதி வந்து சேர்ந்த பிறகு திறந்து பார்ப்பதை விட, அங்கு இருக்கும் உறவினர் ஒருவரை ஒரு மணி நேரம் அனுப்பி வைப்பது மேல்.

அடாப்டரைப் பொருத்தி, யூஎஸ்பியை இணைத்ததும் லொஜிடெக் வீல் தானாக இடமும் வலமும் சுழன்று நடுவில் வந்து நிற்க வேண்டும். நின்ற இடம் உண்மையில் நடுவா என்று பாருங்கள். பிறகு இரண்டு கைகளாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில தடவைகள் வேகமாகத் திருப்பி, மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து, திரையில் காட்டும் நடுவும் கையிலுள்ள நடுவும் ஒத்துப்போகின்றனவா என்று கவனியுங்கள். மோட்டார்த் தண்டில் செருகப்பட்டிருக்கும் சுழற்சியை அளக்க உதவும் சிறிய பிளாஸ்டிக் என்கோடர்த் தட்டு வெடித்துவிட்டால் அது தண்டில் வழுக்கத் தொடங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் நடு சிறிது சிறிதாக விலகிப் போகும். ஜி27இலும் டிரைவிங் ஃபோர்ஸ் ஜிடியிலும் இது நன்கு அறியப்பட்ட நோய். மாற்றுத் தட்டு மலிவுதான், ஆனால் வீலை முழுவதுமாகப் பிரிக்க வேண்டும் என்பதால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு.

பெடலை அழுத்தாமல் விட்டிருக்கும்போது திரையில் பட்டை நடுங்கினால் உள்ளே பெடலின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு ஏறியிருக்கிறது. இது பெரும்பாலும் கொன்டக்ட் கிளீனர் அடித்தால் தீரும்.

கட்டாரில் இருக்கும் அண்ணன் கொண்டுவருகிறார். ஜப்பானிலிருந்து வந்த பொருளும் கிடைக்கிறது. நம் கரண்டுக்குச் சரிவருமா?

கட்டாரிலும் துபாயிலும் நாம் பாவிப்பது போன்ற மூன்று தட்டை முனைப் பிளக்கே உள்ளது. அங்கிருந்து வருபவை பொதுவாகச் சிக்கல் தருவதில்லை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கு 230. அங்கிருந்து வந்த பழைய அடாப்டரின் முதுகிலுள்ள சிட்டையில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பிளக்கை மாற்றிப் பொருத்தினால் போதும். 100 என்று மட்டும் இருந்தால் அதைச் சுவரில் செருகவே கூடாது. ஜி29க்கு 24 வோல்ட் தரும் அடாப்டர் தேவை. அதே துளைக்குள் நுழைகிறது என்பதற்காக வேறு கருவியின் அடாப்டரைச் செருகிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் மோட்டார் வீல் மறுபடியும் தானாகச் சுழன்று தன் நடுவைத் தேடும். ஆரைகளுக்கிடையே சிறுவர்களின் விரல்கள் இருந்தால் நோகும். கரண்ட் போனதும் அடாப்டரைக் கழற்றிவிடுவது நல்லது.

கடற்காற்று வீலைப் பழுதாக்குமா?

கல்லடியிலோ சாய்ந்தமருதிலோ கடற்கரைக்கு அண்மையில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யன்னல் பிணைச்சல் எவ்வளவு காலத்தில் கறள் பிடிக்கிறது என்பது அவர்களுக்கே தெரியும். வீலில் முதலில் கெடுபவை யூஎஸ்பி முனை, பெடலை இணைக்கும் பல்முனைச் செருகி, இறுக்கும் திருகாணிகள் ஆகியவை. விளையாடாத நேரத்தில் துணியால் மூடி வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்காவிட்டால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் பெட்டியில் இடுங்கள். காந்த உணரி உள்ள பெடல்களில் ஒன்றோடொன்று உரசும் பகுதி இல்லாததால், இக்கரையில் அவை பொட்டென்ஷியோமீட்டர் பெடல்களை விட நீண்ட காலம் நிலைக்கும் என்பது என் கணிப்பு.

சாதாரண மேசையில் பொருத்தலாமா?

பலகை மேசையானால் பொருத்தலாம். பிளாஸ்டிக் மேசை மோட்டார் வீலின் இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். கண்ணாடி மேசையில் கிளாம்பை இறுக்கவே கூடாது. வழுக்கும் மாபிள் தரையில் பிரேக்கை மிதித்ததும் பெடல் ஒரு பக்கமும், சில்லு வைத்த கதிரை மறுபக்கமும் ஓடும். பெடலைச் சுவரோடு அணைத்து வைத்து, சில்லில்லாத கதிரையில் இருங்கள். ஊரில் ஓர் ஓடாவியிடம் அளவு கொடுத்து, வீலுக்கு ஒரு பலகையும் பெடலுக்குச் சரிந்த ஒரு பலகையும் சேர்ந்த ஒரு சட்டகத்தைச் செய்வித்தால், பெயர்பெற்ற நிறுவனங்களின் ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதியே செலவாகும். ஜி29இன் கியர்ச் சக்கரங்கள் கடகடவென ஒலிக்கும் என்பதால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இரவில் விளையாடுவோர் பலகைக்கு அடியில் இறப்பர் ஒட்டிக்கொள்வது அயலவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பெரிய ரீவியில் இணைத்தால் வீல் தாமதமாகத் திரும்புகிறதே?

தாமதம் பெரும்பாலும் வீலில் இல்லை, ரீவியில். படத்தை அழகுபடுத்தும் செயல்கள் ஒவ்வொன்றும் நேரம் எடுக்கும். ரீவியின் அமைப்பில் கேம் மோட் என்பதை இயக்கினால் வேறுபாடு உடனே தெரியும். அந்த மோட் இல்லாத ரீவியாக இருந்தால் கணினி மொனிட்டரே மேல்.

விளையாட்டுக் கோப்புகளை எங்கே பெறுவது?

மேம் 2016 முதல் திறந்த மூல மென்பொருள். அதைப் பாவிப்பதில் தவறில்லை. விளையாட்டுகளின் கோப்புகள் அப்படியல்ல. அவற்றின் பதிப்புரிமை நிறுவனங்களிடமே உள்ளது, இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளைப் பாதுகாக்கிறது. ஆகவே கோப்புகளைத் தேடும் வழிகள் இங்கே தரப்படமாட்டா.

வீலை இணைத்தாயிற்று. ஆனால் கார் சரியாக ஓடவில்லையே?

நடுவிலிருந்து சிறிது திருப்பும்போது கார் அசையாமல், பின்னர் திடீரெனத் திரும்பினால் அது எமுலேட்டரின் செயலற்ற வலயத்தின் வேலை. கேம்பேடுகளுக்காக மேம் எமுலேட்டரில் இது இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது. வீலுக்கு அதைச் சுழியத்துக்கோ அதற்கு மிக அருகிலோ குறைத்துவிடுங்கள். முழுவதும் திருப்பியும் கார் முழுவதும் திரும்பவில்லையானால், டேப் விசையை அழுத்தி அனலொக் கட்டுப்பாடுகளுக்குச் சென்று ஸ்டியரிங்கின் உணர்திறனை 100க்குக் கொண்டுவாருங்கள்.

எக்சலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றனவா? பழைய லொஜிடெக் மென்பொருளில் இரு பெடல்களையும் ஒரே அச்சாக, அதாவது ஒரே உள்ளீடாகக் காட்டும் தெரிவு இயங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குறியை நீக்கிவிட்டு, எமுலேட்டரில் இரண்டு பெடல்களையும் மறுபடியும் பதிவு செய்யுங்கள். பெடலைத் தொடாமலே கார் முழு வேகத்தில் பாய்ந்தால் அச்சு தலைகீழாகப் பதிவாகியிருக்கிறது. அனலொக் கட்டுப்பாடுகளில் அந்தப் பெடலுக்கு மட்டும் எதிர்த்திசையை இயக்கிவிட்டால் கார் நின்ற இடத்தில் நிற்கும்.